கதவைத் திறந்துவிட்டவர்கள்: பாகிஸ்தானில் படையும் பிரதமர்களும்

1947 முதல் இன்றுவரை பாகிஸ்தானில் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்த பிரதமர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் பொதுக்கூட்ட மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் ஆட்சியிழந்து, பிறகு தூக்கிலிடப்பட்டார். சிலரை நாட்டின் தலைவரே ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பினார். இருவரை உச்ச நீதிமன்றம் பதவியிழக்கச் செய்தது. ஒருவர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட அல்லது சிவில் அரசை ராணுவம் நேரடியாகக் கவிழ்த்தது மூன்று முறைதான்: 1958, 1977, 1999. அந்த ராணுவ ஆட்சிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 33 ஆண்டுகள். மிச்சமுள்ள ஆண்டுகளில் நாற்காலியில் இருந்தவர்கள் வேட்டி சட்டைக்காரர்கள் இல்லாவிட்டாலும் சீருடைக்காரர்களும் அல்லர்; ஷெர்வானி அணிந்த அரசியல்வாதிகள். ராணுவத் தலையீடு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய, தளபதிகள் ஆண்ட காலத்தைவிட இந்த அரசியல்வாதிகள் ஆண்ட காலமே அதிகம் உதவும். ஏனென்றால் அந்த நாட்டில் படை ஒருபோதும் தனியாக வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்: ஒரு முறை ஜனாதிபதி, ஒரு முறை நீதிபதி, பல முறை போட்டிக் கட்சியின் தலைவர்.

பிரிவினையின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு வந்தது. நிதி இருப்பில் வந்த பங்கோ அதைவிட மிகக் குறைவு. பிறந்த சில மாதங்களிலேயே காஷ்மீர்ப் போர் மூண்டது. முதல் பத்தாண்டில் மத்திய அரசின் செலவில் பாதிக்கும் மேல் பாதுகாப்புக்கே போனது. மறுபக்கம், நாட்டை உருவாக்கிய முஸ்லிம் லீகின் தலைவர்களில் பலர் இந்தியப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். அவர்களுக்குப் புதிய மண்ணில் சொந்தத் தொகுதி கிடையாது; தேர்தல் நடத்த அவசரமும் இல்லை. இந்தியா 1951-52இல் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த பொதுத்தேர்தலை நடத்தி முடித்தது. பாகிஸ்தானியர்கள் அப்படியொரு நாடு தழுவிய நேரடித் தேர்தலைக் காண 1970 வரை, அதாவது 23 ஆண்டுகள், காத்திருந்தார்கள். மக்களிடம் வாக்குக் கேட்டுப் பழகாத அரசியலில் அதிகாரியும் தளபதியும் வலுப்பெற்றதில் வியப்பில்லை. ஜின்னா 1948இல் இறந்தார். முதல் பிரதமர் லியாகத் அலி கான் 1951 அக்டோபரில் ராவல்பிண்டியில் கொல்லப்பட்டார். நாட்டை ஒட்டவைக்கும் பெயர்கள் அதோடு தீர்ந்துபோயின.

அடுத்து நடந்தவற்றில் ராணுவத்தின் கை வெளியே தெரியவில்லை. 1953இல் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது, பிரதமர் க்வாஜா நாஜிமுதீனைப் பதவி நீக்கினார். அவருடைய பட்ஜெட்டை அரசியல் நிர்ணய சபை அப்போதுதான் நிறைவேற்றியிருந்தது. பெரும்பான்மை இல்லை என்று சொல்ல வழியே இல்லை. மறு ஆண்டு 1954 அக்டோபரில் சபையையே கலைத்தார். அதையடுத்து அமைந்த அமைச்சரவையில், ராணுவத்தின் தலைமைத் தளபதி அயூப் கான், தளபதிப் பதவியில் இருந்தபடியே பாதுகாப்பு அமைச்சரானார். சீருடையோடு ஒருவர் அமைச்சரவைக்குள் நுழைந்தது இப்படித்தான். அழைத்தவர் அதிகாரி வர்க்கத்திலிருந்து வந்த கவர்னர் ஜெனரல்; எதிர்ப்புச் சொல்ல அங்கே சபை இல்லை.

கலைக்கப்பட்ட சபையின் தலைவர் தமீஸுதீன் கான் நீதிமன்றம் போனார். சிந்து தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில், தலைமை நீதிபதி முகம்மது முனீர் தலைமையிலான ஃபெடரல் நீதிமன்றம் 1955இல் அதைப் புரட்டிப் போட்டது. ஐந்து நீதிபதிகளில் ஏ.ஆர். கார்னீலியஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அதே ஆண்டில் வந்த இன்னொரு கருத்துரையில், சட்டப்படி செல்லாத ஒன்றைக்கூட நாட்டின் அவசியம் செல்லுபடியாக்கும் என்ற வாதத்துக்கு முனீர் இடமளித்தார். ‘தேவைக் கோட்பாடு’ என்று பெயர்பெற்ற இந்த வாதம்தான் பாகிஸ்தானின் பிற்கால ராணுவ ஆட்சிகளுக்குச் சட்டப் போர்வையாக அமைந்தது. முதலில் அதை நெய்தபோது ராணுவம் ஆட்சியில்கூட இல்லை.

1956இல் அரசியல் சட்டம் பிறந்தது, பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. 1958 அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்ஸா அந்தச் சட்டத்தை ரத்து செய்து, ராணுவச் சட்டத்தை அறிவித்து, அயூப் கானை அதன் தலைமை நிர்வாகி ஆக்கினார். தேர்தல் நடந்தால் தன் பதவி போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. படையைத் தன் காவலுக்கு அழைத்ததாக அவர் நினைத்தார். இருபதே நாளில், அக்டோபர் 27 இரவு, தளபதிகள் அவர் வீட்டுக்கு வந்து விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மிர்ஸா லண்டன் போய்ச் சேர்ந்தார். அதே 27ஆம் தேதிதான், டோஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம், வெற்றிபெற்ற புரட்சி தானே சட்டத்தின் ஊற்றாகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் அதே முனீர். இந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் தவறென்று தள்ளியது. அயூபிடமிருந்து ஆட்சியைப் பெற்ற ஜெனரல் யாஹ்யா கானை அதிகாரத்தைப் பறித்தவர் என்றும் அறிவித்தது. ஆனால் யாஹ்யா அதற்குள் பதவியிழந்து வீட்டுச் சிறையில் இருந்தார். தளபதி நாற்காலியில் இருக்கும்வரை ஒரு நீதி, இறங்கியபின் ஒரு நீதி என்ற வழக்கம் அப்போது தொடங்கியது.

யாஹ்யா காலத்து அனுபவம் தனியாகவே எழுத வேண்டியது. 1970 டிசம்பர் தேர்தல் நேர்மையாக நடந்தது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் 160ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது; 300 இடங்கள் கொண்ட அவையில் அது தனிப் பெரும்பான்மை. பிரதமராக வேண்டியவர் முஜிப். மேற்கில் அதிக இடங்களை வென்ற சுல்பிகர் அலி புட்டோ அவைக்கு வர மறுத்தார். யாஹ்யா அவைக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் சொந்த மக்கள் மேல் பாய்ந்தது. டிசம்பர் 16 அன்று சுமார் 93,000 பேர் போர்க் கைதிகளாக, கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமானது. தேர்தல் முடிவை ஏற்க ஒரு படை மறுத்ததற்கு ஒரு நாடு கொடுத்த விலைகளில் இதைவிடப் பெரியது இல்லை. அந்த மறுப்புக்கு மேற்கின் மிகப் பெரிய அரசியல்வாதி துணைநின்றார் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

தோற்ற ராணுவத்தின் மேல் ஆட்சிக்கு வந்த புட்டோவுக்கு, படையைக் கட்டுப்படுத்த அதுவரை யாருக்கும் அமையாத வாய்ப்பு கிடைத்தது. 1973ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அவர் அதைப் பயன்படுத்தினார். அரசியல் சட்டத்தைப் பலவந்தமாகக் கவிழ்ப்பது தேசத்துரோகம் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. எந்த அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபட மாட்டேன் என்று படையினர் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றும் அந்தச் சட்டம் விதித்தது. காகிதத்தில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. நடைமுறையிலோ, பலூசிஸ்தானில் எதிர்க்கட்சி மாநில அரசைக் கலைத்துவிட்டு, எழுந்த கிளர்ச்சியை அடக்க அதே ராணுவத்தை அனுப்பினார். உளவு அமைப்பான ஐஎஸ்ஐயை உள்நாட்டு அரசியலைக் கண்காணிக்கவும் பயன்படுத்தினார். 1976இல், மூத்த தளபதிகள் பலரைத் தாண்டி, பணிவானவர், மதப்பற்றாளர், ஆசையில்லாதவர் என்று தோன்றிய ஜியா உல் ஹக்கைத் தலைமைத் தளபதியாக்கினார்.

1977 மார்ச் தேர்தலில் முறைகேடு நடந்தது என்று எதிர்க்கட்சிக் கூட்டணி தெருவுக்கு வந்தது. மூன்று நகரங்களில் புட்டோவே ராணுவச் சட்டம் போட்டார். எதிரணியில் சிலர் படையைத் தலையிடச் சொல்லி வெளிப்படையாகவே அழைத்தார்கள். ஜூலை 5 விடியற்காலை ஜியா ஆட்சியைப் பிடித்தார். 90 நாளில் தேர்தல் என்றார். அந்த 90 நாள் எட்டு ஆண்டுகளாக நீண்டது. புட்டோவின் மனைவி நுஸ்ரத் புட்டோ தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தேவைக் கோட்பாட்டைத் தூசுதட்டி எடுத்து, சட்டத்தைத் திருத்தும் உரிமையையும் ஜியாவுக்குக் கொடுத்தது. 1979 ஏப்ரல் 4 அன்று புட்டோ ராவல்பிண்டிச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மரண தண்டனையை உறுதிசெய்த அதே நீதிமன்றம், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் கருத்துரைத்தது. இடையில் 45 ஆண்டுகள்.

ஜியா விட்டுச்சென்ற கருவிதான் அடுத்த பத்தாண்டின் அரசியலைத் தீர்மானித்தது. 1985இல் கட்சிகள் இல்லாத தேர்தல் நடத்தி, சிந்து மாகாணத்தின் முகம்மது கான் ஜுனேஜோவைப் பிரதமராக்கினார். ராணுவச் சட்டத்தை விலக்கிக்கொள்வதற்கு விலையாக எட்டாவது திருத்தம் வந்தது. அதில் 58(2)(பி) என்றொரு பிரிவு: ஜனாதிபதி தன் விருப்பப்படி தேசிய அவையைக் கலைக்கலாம். ஜுனேஜோ சத்தமில்லாதவர்; தலையாட்டுவார் என்று ஜியா எதிர்பார்த்தார். அவரோ பத்திரிகைகளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார். ஜியாவுக்குப் பிடிக்காத, ஆப்கானிஸ்தான் பற்றிய ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்தார். பெரிய பெரிய கார்களில் வலம்வந்த தளபதிகளையும் அதிகாரிகளையும் சின்ன சுஸுகி காரில் ஏற்றுவேன் என்றார். 1988 ஏப்ரலில் ராவல்பிண்டி அருகே ஓஜ்ரி முகாமின் ஆயுதக் கிடங்கு வெடித்து, ஊருக்குள் ராக்கெட்டுகள் விழுந்து, பலர் மாண்டபோது யார் பொறுப்பு என்று விசாரிக்கவும் முனைந்தார். மே 29 அன்று வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய சில மணி நேரத்தில் அவர் பிரதமராக இல்லை.

ஜியா அவையைக் கலைத்தது செல்லாது என்று பின்னர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் பதவியை மீட்டுத் தரவில்லை. அப்போதைய தளபதி மிர்ஸா அஸ்லம் பெக், ஜுனேஜோவை மீண்டும் அமர்த்த வேண்டாம் என்று நீதிபதிகளுக்குச் செய்தி அனுப்பியதாக 1993இல் தாமே பேசி, நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கு ஆளானார்.

ஜியா 1988 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தபின் நடந்த தேர்தலில், புட்டோவின் மகள் பெனசீரின் மக்கள் கட்சி முன்னணியில் இருந்தது. அவரைத் தடுக்க ஒன்பது கட்சிகளைச் சேர்த்து ஒரு கூட்டணி கட்டப்பட்டிருந்தது. அதைக் கட்டியதில் தனக்குப் பங்குண்டு என்று அன்றைய ஐஎஸ்ஐ தலைவர் ஹமீத் குல் பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லிவந்தார். தனிப் பெரும்பான்மை இல்லாத பெனசீர், பிரதமராவதற்கு முன்பே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது: ஜியா காலத்து குலாம் இஷாக் கான் ஜனாதிபதி, ஜியா காலத்து யாகூப் கான் வெளியுறவு அமைச்சர், ஆப்கான் கொள்கையும் அணுத்திட்டமும் பாதுகாப்புச் செலவும் அவர் தொடாத துறைகள். ஐஎஸ்ஐ தலைமைக்கு ஓய்வுபெற்ற தளபதி ஒருவரை 1989இல் அவர் நியமித்தபோது, ராணுவத் தலைமை அந்தப் புதிய தலைவரை ஒதுக்கிவைத்தது. முக்கியமான பொறுப்புகள் ராணுவத்தின் சொந்த உளவுப் பிரிவுக்கு மாறின. அதே ஆண்டு ஐஎஸ்ஐ அதிகாரிகள் இருவர், மக்கள் கட்சி உறுப்பினர்களை விலைபேசி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆள் சேர்க்க முயன்றது ஒலிநாடாவில் பதிவானது. தீர்மானம் 12 வாக்குக் குறைவால் தோற்றது. ஒன்பது மாதம் கழித்து, 1990 ஆகஸ்ட் 6 அன்று, குலாம் இஷாக் கான் 58(2)(பி)யை எடுத்தார். பெனசீர் அரசு முடிந்தது.

அடுத்த தேர்தலில் என்ன நடந்தது என்பதற்கு நீதிமன்ற ஆவணமே சாட்சி. யூனுஸ் ஹபீப் என்ற வங்கியாளர், ராணுவத் தளபதி பெக்கும் ஜனாதிபதி மாளிகையும் கேட்டதன் பேரில் 14 கோடி ரூபாய் திரட்டினார். பணம் ராணுவ உளவுப் பிரிவு திறந்த வங்கிக் கணக்குகளுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பகுதி பெனசீருக்கு எதிரான வேட்பாளர்களுக்கும் சில பத்திரிகையாளர்களுக்கும் பிரித்து அளிக்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை, அன்றைய ஐஎஸ்ஐ தலைவர் ஆசாத் துரானி 1994இல் பிரமாணப் பத்திரமாகவே எழுதிக்கொடுத்தார். ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி அஸ்கர் கான் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு வந்தது 2012 அக்டோபரில். குலாம் இஷாக், பெக், துரானி மூவரும் அரசியல் சட்டத்தை மீறினார்கள், நடவடிக்கை எடுங்கள் என்றது தீர்ப்பு. குலாம் இஷாக் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். வழக்குத் தொடுத்த அஸ்கர் கான் 2018இல் இறந்தார். யாரும் சிறைக்குப் போகவில்லை. ஒரு நாட்டின் உளவு அமைப்பு தேர்தலை வாங்கியதை அதன் தலைவரே சத்தியம் செய்து ஒப்புக்கொண்ட வழக்கு உலகில் வேறெங்கும் எளிதில் அகப்படாது. அப்படியொரு வழக்கே பதினாறு ஆண்டுகள் அடுக்கில் கிடந்தது என்றால், ஆதாரம் கிடைக்காத மற்றத் தேர்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1990 தேர்தலில் வென்றவர் நவாஸ் ஷெரீஃப். ஜியாவின் நிழலில் வளர்ந்த பஞ்சாப் தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கும் அதே கதிதான். 1993இல் ஜனாதிபதி அவரை நீக்கினார். உச்ச நீதிமன்றம் அரிதாகத் துணிந்து பதவியைத் திருப்பிக் கொடுத்தது. இருவருக்கும் ஒத்துப்போகாமல் அரசு முடங்கியபோது தளபதி அப்துல் வஹீத் காக்கர் நடுவில் நின்று இருவரையுமே விலக வைத்தார். மீண்டும் வந்த பெனசீர் 1996இல் தம் கட்சிக்காரரான ஜனாதிபதியாலேயே கலைக்கப்பட்டார். எட்டு ஆண்டுகளில் நான்கு அவைகள் ஒரே பிரிவால் கலைந்தன. ஒவ்வொரு முறையும் காரணம் ஊழல், நிர்வாகச் சீர்கேடு என்று எழுதப்பட்டது. ஊழல் இருந்தது உண்மைதான். ஆனால் ஊழல் செய்தவரை வாக்காளர் தண்டிக்கும் வாய்ப்பு ஒருமுறைகூட உரிய காலத்தில் வரவில்லை. பெனசீர் வீழ்ந்தபோது நவாஸ் கட்சி இனிப்பு வழங்கியது; நவாஸ் வீழ்ந்தபோது பெனசீர் கட்சி வழங்கியது. தளபதிகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

1997இல் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு வந்த நவாஸ், 58(2)(பி)யை நீக்கினார். தேசியப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1998 அக்டோபரில் பொதுவில் பேசிய தளபதி ஜஹாங்கீர் கராமத் பதவி விலகினார். அவர் இடத்துக்கு நவாஸ் தேர்ந்தெடுத்தது பர்வேஸ் முஷாரஃபை. சீனியாரிட்டியில் மேலே இருந்தவர்களைத் தாண்டித்தான். முஷாரஃப் டெல்லியில் பிறந்தவர்; இந்தியப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த முஹாஜிர் குடும்பத்தவர். பஞ்சாபிகளும் பத்தான்களும் நிறைந்த படையில் அவருக்கென்று கோஷ்டி இருக்காது என்பது கணக்கு. ஜியாவைத் தேர்ந்தெடுத்தபோது புட்டோ போட்ட அதே கணக்கு. தளபதியானவர் எந்த இனத்தவராயினும், நாற்காலியில் அமர்ந்த நாளிலிருந்து அவருடைய கட்சி ராணுவம்தான் என்பதை இருவருமே பார்க்கத் தவறினார்கள்.

1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் வந்து நவாஸோடு கைகுலுக்கினார். பாகிஸ்தான் படையினர் அதற்குள் கார்கில் உச்சிகளை நோக்கி நகர்ந்திருந்தார்கள். தமக்குத் தெரியாது என்றார் நவாஸ். தெரியும் என்றார் முஷாரஃப். போர் முடிந்தபின் இருவருக்கும் நடுவே பேச்சு நின்றுபோனது. அக்டோபரில் இலங்கை ராணுவத்தின் பொன்விழாவுக்காக முஷாரஃப் கொழும்பு சென்றார். 12ஆம் தேதி அவர் திரும்பும் விமானம் வானில் இருக்கும்போதே, அவர் ஓய்வு பெறுகிறார், ஐஎஸ்ஐ தலைவர் ஜியாவுதீன் புதிய தளபதி என்று மாலைச் செய்தியில் அறிவிப்பு வந்தது.

அந்த மாலை எப்படிப் போனது என்பதில் முழுக் கதையும் இருக்கிறது. புதிய தளபதிக்கு அணிவிக்கத் தோள்பட்டைச் சின்னம்கூடச் சரியாகக் கைவசம் இல்லை. ராவல்பிண்டி தலைமையகத்துக்கு அவர் தொலைபேசியில் உத்தரவிட்டால் மறுமுனையில் கேட்பாரில்லை. ஒரு மேஜர் சில வீரர்களோடு இஸ்லாமாபாத் தொலைக்காட்சி நிலையத்தில் நுழைந்து செய்தியை நிறுத்தினார். பிரதமரின் ராணுவச் செயலர் துப்பாக்கியோடு போய் அவர்களை நிராயுதபாணியாக்கி, செய்தியை மீண்டும் ஓடவிட்டார். அடுத்து லாரிகளில் வந்த வீரர்கள் பூட்டிய இரும்புக் கதவின் மேல் ஏறிக் குதித்தார்கள். அந்தப் படம்தான் மறுநாள் உலகம் முழுக்கப் போனது. கராச்சி விமான நிலைய ஓடுபாதையில் தீயணைப்பு வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி விமானத்தை இறங்கவிடாமல் தடுத்தார்கள். அது சாதாரணப் பயணிகள் விமானம், முஷாரஃபோடு பள்ளிப் பிள்ளைகள் உட்பட சுமார் 200 பேர் இருந்தார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ராணுவம் கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தபின் விமானம் இறங்கியது. இரவு முடிவதற்குள் பிரதமர் காவலில், தளபதி தொலைக்காட்சியில். துப்பாக்கிச் சண்டை எதுவும் நடக்கவில்லை. தளபதியை நியமிக்கும் அதிகாரம் சட்டப்படி பிரதமருடையது. அந்த அதிகாரத்தை நிறைவேற்றக் களத்தில் ஒரு பட்டாளம்கூட அவரிடம் இல்லை. பயணிகளின் உயிரைப் பணயம் வைத்த பழியும் அவர் தலையில் விழுந்தது. வழக்கும் அதன் பேரிலேயே நடந்து, ஆயுள் தண்டனை பெற்று, 2000 டிசம்பரில் சவூதிக்கு நாடு கடத்தப்பட்டார்.

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்தீக்கியும் வேறு சிலரும் முஷாரஃப் கேட்ட புதிய உறுதிமொழியை எடுக்க மறுத்து வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் 2000 மே மாதம் கவிழ்ப்பை ஏற்று, மூன்று ஆண்டு கால அவகாசமும் சட்டத் திருத்த உரிமையும் கொடுத்தார்கள்.

படை இவ்வளவு தூரம் அரசியலைப் பிடித்துவைத்திருப்பதற்கு இந்தியா மீதான அச்சம் ஒரு காரணம். இன்னொன்று சொத்து. 1954இல் முன்னாள் படைவீரர் நலனுக்காக உருவான ஃபௌஜி ஃபவுண்டேஷன் இன்று உரம், சிமென்ட், மின்சாரம் என்று விரிந்திருக்கிறது. காலைச் சிற்றுண்டித் தானியப் பெட்டியில்கூட ஃபௌஜி என்ற பெயரைக் காணலாம். ராணுவ நல அறக்கட்டளையின் வழியே உருவானது அஸ்கரி வங்கி. பெருநகரங்களில் விலையுயர்ந்த மனைகள் பாதுகாப்புக் குடியிருப்பு ஆணையங்களின் கையில். ஆய்வாளர் ஆயிஷா சித்தீக்கா 2007இல் வெளியிட்ட நூலில் இந்த வணிகப் பேரரசை விரிவாகக் கணக்கெடுத்தார். ஓய்வுபெற்ற தளபதிக்கு நிலமும் ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பும் காத்திருக்கின்றன. பாதுகாப்பு பட்ஜெட்டோ பல பத்தாண்டுகள் நாடாளுமன்றத்தில் ஒற்றை வரியாகவே வந்து போனது. இவற்றைத் துருவிக் கேட்கக்கூடிய பிரதமர் வலுவாக இருப்பதை இந்த அமைப்பு விரும்பக் காரணமில்லை.

முஷாரஃப் 2008இல் விலகிய பிறகு நேரடிக் கவிழ்ப்பு நடக்கவில்லை. 2013இல் முதன்முறையாக, காலம் முடித்த ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடமிருந்து இன்னொன்று ஆட்சியைப் பெற்றது. மூன்றாம் முறை பிரதமரான நவாஸ், முஷாரஃப் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார். 6ஆம் பிரிவு எழுதப்பட்ட நாற்பது ஆண்டுகளில் முதல் வழக்கு. அடுத்த ஆண்டே இம்ரான் கான் கட்சியும் ஒரு மதத் தலைவரின் இயக்கமும் இஸ்லாமாபாத் தெருக்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்தன. 2017 ஏப்ரலில், பிரதமர் அலுவலகத்தின் ஓர் உத்தரவை நிராகரிப்பதாக ராணுவச் செய்தித் தொடர்பாளர் ட்விட்டரில் எழுதினார். பிரதமரின் உத்தரவைப் படை பகிரங்கமாக மறுத்த அந்த ஒற்றை வாக்கியம் யார் மேல், யார் கீழ் என்பதைச் சொல்லிவிட்டது. நவாஸ் குடும்பத்தின் வெளிநாட்டுச் சொத்துகள் பற்றிய பனாமா ஆவண விவகாரத்தை விசாரித்த ஆறு பேர் குழுவில் ஐஎஸ்ஐ, ராணுவ உளவுப் பிரிவு அதிகாரிகள் இருந்தார்கள். ஜூலையில், மகனின் துபாய் நிறுவனத்திடமிருந்து தாம் வாங்காத சம்பளத்தைச் சொத்தாகக் காட்டவில்லை என்ற காரணத்தில் நவாஸ் தகுதியிழந்தார்.

2018 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வேட்பாளர்கள் கட்சி மாறினார்கள். நாட்டின் பெரிய செய்தித் தொலைக்காட்சி பல ஊர்களில் தெரியாமல் போனது. எண்ணிக்கை இரவில் முடிவுகளை அனுப்பும் கணினி முறை முடங்கியது. ஐஎஸ்ஐ நீதிமன்ற அமர்வுகளையே தன் விருப்பப்படி அமைக்கப் பார்க்கிறது என்று வெளிப்படையாகப் பேசிய இஸ்லாமாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஷௌகத் அஜீஸ் சித்தீக்கி, சில மாதங்களில் பதவி நீக்கப்பட்டார். அந்த நீக்கம் தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 2024. அதே ஆண்டு அந்த உயர் நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் சேர்ந்து, உளவு அமைப்பின் மிரட்டலைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள். உறவினர் கடத்தப்பட்டதும், ஒரு நீதிபதியின் வீட்டில் ரகசியக் கேமரா அகப்பட்டதும் அதில் இருந்தன.

அந்தத் தேர்தலுக்குப் பின் பிரதமரான இம்ரான் கானை ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், பொறுக்கியெடுக்கப்பட்டவர்’ என்று எதிர்க்கட்சிகள் அழைத்தன. தாமும் ராணுவமும் ஒரே பக்கத்தில் இருப்பதாக அவரே பெருமையோடு சொன்னார். 2021 அக்டோபரில் ஐஎஸ்ஐ தலைவரை மாற்றும் விவகாரத்தில் மூன்று வாரம் கையெழுத்திடாமல் இழுத்தடித்ததோடு அந்த உறவு முறிந்தது. கூட்டணிக் கட்சிகள் ஒவ்வொன்றாக விலகின. 2022 ஏப்ரலில் 342 பேர் அவையில் 174 வாக்குகளால் அவர் வீழ்ந்தார். முறை முழுக்க சட்டப்படியானது. நவம்பரில் தளபதி கமர் ஜாவேத் பாஜ்வா ஓய்வுபெறும் தறுவாயில், எழுபது ஆண்டுகளாக ராணுவம் அரசியலில் தலையிட்டது சட்டவிரோதமானது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். இனி இல்லை என்றும் சொன்னார். 2023 மே 9 அன்று இம்ரான் கைதானபோது அவர் தொண்டர்கள் லாகூர் படைத்தளபதியின் வீட்டைக் கொளுத்தினார்கள். அதன்பின் கட்சியை உடைக்கும் வேலை முழுவீச்சில் நடந்தது. 2024 பிப்ரவரித் தேர்தலில் கட்சிக்குக் கிரிக்கெட் மட்டைச் சின்னம் மறுக்கப்பட்டது; அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாக நின்றார்கள். வாக்குப்பதிவு நாளில் கைபேசிச் சேவை நிறுத்தப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களும் ஒவ்வொரு தொகுதியிலும் வேறுவேறான சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தச் சுயேச்சைகளையே மிகப் பெரிய அணியாக்கினார்கள். ஆட்சி அமைத்ததோ மக்கள் கட்சியின் ஆதரவோடு நவாஸ் கட்சி.

அந்த அரசு 2024 நவம்பரில் தளபதியின் பதவிக்காலத்தை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியது. 2025 மே மாத இந்திய மோதலுக்குப் பின் தளபதி ஆசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அயூபுக்குப் பிறகு அந்தப் பட்டம் பெற்றவர் அவர்தான். நவம்பரில் 27ஆவது சட்டத் திருத்தம் நிறைவேறியது. முப்படைக்கும் தலைமையான புதிய பதவி தரைப்படைத் தளபதிக்கே. ஃபீல்டு மார்ஷலுக்கு வாழ்நாள் முழுக்க வழக்கிலிருந்து விலக்கு. அரசியல் சட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்திடமிருந்து ஒரு புதிய நீதிமன்றத்துக்கு மாற்றம். 1979இல் நிறுவனரைத் தூக்குமேடையில் இழந்த கட்சியும், 1999இல் கவிழ்க்கப்பட்டவரின் கட்சியும் ஆதரித்து வாக்களித்தன. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மன்சூர் அலி ஷாவும் அத்தர் மினல்லாவும் திருத்தம் சட்டமான அன்றே பதவி விலகினார்கள்.